ஸ்கேன் எடுப்பதில் தாமதமும் அவசரமும்

நபி (ஸல்) அவர்களின் காலத்தில் நடந்த ஒரு பயணத்தில் ஒரு தோழரின் தலையில் கல் பட்டுக் காயம் ஏற்பட்டது. பின்னர் அவருக்குக் குளிப்புக் கடமையாயிற்று. தயம்மும் செய்துகொள்ளத் தமக்கு அனுமதி உண்டா என்று உடன் வந்தவர்களிடம் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது அனுமதி இல்லை என்று அவர்கள் கூறிவிட்டனர். அவர் குளித்தார், இறந்துபோனார். செய்தி நபி (ஸல்) அவர்களை எட்டியபோது அவ்வாறு தீர்ப்புச் சொன்னவர்களைக் கடுமையாகக் கண்டித்தார்கள். தெரியாத நிலையில் அவர்கள் விசாரித்திருக்க வேண்டும் என்றும், அறியாமைக்குக் கேட்டறிவதே நிவாரணம் என்றும் உணர்த்தினார்கள். ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்த நிகழ்ச்சி அபூதாவூத் நூலில் பதிவாகியுள்ளது.

தயம்மும் பற்றிய பாடத்தில் இந்தச் செய்தியை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். நோயாளியைச் சுற்றி நிற்பவர்களின் பொறுப்பு பற்றிய பாடமும் இதில் இருக்கிறது. அந்தப் பயணிகள் தம் தோழருக்குத் தீங்கு நினைத்தவர்கள் அல்லர். மார்க்கத்தைப் பேணவே விரும்பினார்கள். ஆயினும் தமக்குத் தெரியாத ஒன்றில் தாமே முடிவெடுத்தார்கள். ஓர் உயிர் போயிற்று. நல்ல எண்ணம் இருந்தால் போதும் என்று நாம் எண்ணிவிட முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

இன்று நம் வீடுகளில் சி.டி. ஸ்கேன் பற்றி எடுக்கப்படும் முடிவுகளைப் பார்க்கும்போதெல்லாம் இந்த நிகழ்ச்சியே நினைவுக்கு வருகிறது. மூளைக்கு ஆபத்து நேரும்போது எடுக்க வேண்டிய ஸ்கேனை நாம் தாமதப்படுத்துகிறோம். சாதாரண இருமலுக்கும் தலைவலிக்கும் தேவையில்லாத ஸ்கேனை வற்புறுத்திக் கேட்கிறோம். இரண்டும் வெவ்வேறு தவறுகள் போலத் தோன்றினாலும் வேர் ஒன்றுதான்: அறிந்தவரிடம் கேட்க வேண்டிய இடத்தில் அச்சத்திடம் கேட்கிறோம்.

சுப்ஹுக்கு முந்திய அந்த நேரம்

ஒரு காட்சியை எண்ணிப் பார்ப்போம். நம்மில் பலருக்கு இது புதிதாக இராது. சுப்ஹு பாங்குக்குச் சற்று முன்னர் வுளூச் செய்ய எழுந்த அத்தாவின் கையிலிருந்து செம்பு நழுவி விழுகிறது. அவரது வாய் ஒருபுறம் கோணியிருக்கிறது. பேச முயன்றால் சொல் குழறுகிறது. வீடே விழித்துக்கொள்கிறது. ஒருவர் தைலம் எடுத்து வருகிறார். ஒருவர் ஓதிய தண்ணீரை வாயில் ஊற்றுகிறார். சற்று நேரம் படுத்தால் சரியாகிவிடும் என்கிறார் மூத்தவர் ஒருவர். விடிந்ததும் தெரிந்த டாக்டரிடம் காட்டலாம் என்று முடிவாகிறது. அந்த டாக்டர் வரும்போது மணி பத்து. அவர் கையைத் தூக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, உடனே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொல்கிறார். ஸ்கேன் எடுக்கும்போது நண்பகல் ஆகிவிடுகிறது.

இந்த ஏழு மணி நேரத்தில் நடந்தது என்ன? மூளைக்குச் செல்லும் பெரிய இரத்தக்குழாய் ஒன்று அடைபட்டால், நிமிடம் ஒன்றுக்குச் சுமார் 19 இலட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று மருத்துவ ஆய்வாளர்கள் கணக்கிட்டுள்ளனர். இரத்த உறைவைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி தொடங்கிய நான்கரை மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும் என்பதே பொதுவான வரையறை. அந்த நேரத்துக்குள்ளும் முதல் மணியில் செலுத்துவதற்கும் நான்காம் மணியில் செலுத்துவதற்கும் பலனில் பெரிய வேறுபாடு உண்டு. பெரிய குழாய் அடைப்பாயின், கம்பிக்குழாய் செலுத்தி உறைவை வெளியே எடுக்கும் சிகிச்சையைத் தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம் வரையிலும் செய்கிறார்கள். ஆனால் அவர்கள் யார் என்பதையும் ஸ்கேன்தான் சொல்ல வேண்டும்.

ஸ்கேன் இல்லாமல் ஏன் ஊசி போடக்கூடாது? பக்கவாதம் என்று நாம் ஒரே பெயரால் அழைப்பது இரு வேறு நோய்கள். ஒன்றில் குழாய் அடைபடுகிறது. மற்றொன்றில் குழாய் வெடித்து இரத்தம் கசிகிறது. இரண்டிலும் வாய் கோணும், கை தளரும், பேச்சுக் குழறும். வெளித்தோற்றத்தைக் கொண்டு எத்தனை அனுபவமிக்க மருத்துவராலும் உறுதியாகப் பிரித்தறிய இயலாது. அடைப்புக்குக் கொடுக்கும் மருந்தைக் கசிவுக்குக் கொடுத்தால் அதுவே உயிரைப் பறித்துவிடும். சி.டி. ஸ்கேன் சில நிமிடங்களில் இந்த ஐயத்தைத் தீர்க்கிறது.

அது எப்படித் தீர்க்கிறது என்பதும் அறியத்தக்கது. எக்ஸ்ரே கதிர்கள் பல கோணங்களிலிருந்து உடலை ஊடுருவிச் செல்கின்றன. ஒவ்வோர் இடமும் எவ்வளவு கதிரைத் தடுத்தது என்பதைக் கணினி எண்ணாக மாற்றுகிறது. தண்ணீருக்குச் சுழியம், காற்றுக்குச் சுழியத்துக்குக் கீழே ஆயிரம் என்பது அந்த அளவுகோல். புதிதாகக் கசிந்த இரத்தம் மூளைத் திசுவைவிட அதிகம் தடுப்பதால் படத்தில் வெண்மையாகத் தெரியும். இந்தக் கருவியை உருவாக்கிய இங்கிலாந்துப் பொறியாளர் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரே அந்த அளவுகோலுக்கும் வைக்கப்பட்டுள்ளது. 1971 அக்டோபர் முதல் நாள் இலண்டன் விம்பிள்டனில் உள்ள அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில் முதல் நோயாளிக்கு ஸ்கேன் எடுக்கப்பட்டது. மூளையில் கட்டி இருக்கலாம் என்று ஐயுறப்பட்ட ஒரு பெண்மணி அவர். அதற்கு முன்னர் மண்டையோட்டைத் திறக்காமல் மூளையின் திசுவை இவ்வாறு நேரடியாகப் பார்க்க வழி இருக்கவில்லை. ஹவுன்ஸ்ஃபீல்டும், இதற்கான கணித அடிப்படையை வகுத்த ஆலன் கார்மாக்கும் 1979இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

இங்கே ஒரு தவறான புரிதலையும் களைய வேண்டும். அடைப்பினால் வந்த பக்கவாதத்தில் முதல் சில மணி நேரம் ஸ்கேன் இயல்பாகவே தோன்றக்கூடும். "ஸ்கேனில் ஒன்றுமில்லையாம்" என்று நிம்மதி அடைந்து நோயாளியை வீட்டுக்கு அழைத்து வந்துவிடும் குடும்பங்கள் உண்டு. கசிவு இல்லை என்பதே அந்தப் படம் சொல்லும் செய்தி. நோய் இல்லை என்று அது சொல்லவில்லை. சிகிச்சையைத் தொடங்கலாம் என்பதற்கான அனுமதிச் சீட்டையே பலர் வீடு திரும்புவதற்கான சீட்டாக எண்ணிவிடுகிறார்கள்.

அன்பின் பெயரால் நிகழும் தீங்குகள்

பக்கவாதம் கண்டவரின் வாயில் தண்ணீர் ஊற்றுவது நம் வீடுகளில் அனிச்சையாக நிகழ்கிறது. அது ஜம்ஜமாக இருந்தாலும் ஓதிய தண்ணீராக இருந்தாலும் அந்த வேளையில் வேண்டாம். விழுங்கும் தசைகள் செயலிழந்திருக்கும்போது ஊற்றிய நீர் இரைப்பைக்குப் போகாமல் நுரையீரலுக்குள் இறங்கும். மூளையில் தொடங்கிய துன்பத்தோடு நுரையீரல் அழற்சியும் சேர்ந்துகொள்ளும். பக்கவாதத்துக்குப் பின் பல உயிர்களைக் கொண்டுபோவது இந்த நுரையீரல் தொற்றுதான். ஓதுவதை நாம் தடுக்கவில்லை. ஆம்புலன்ஸில் அருகில் அமர்ந்து, கையைப் பற்றிக்கொண்டு ஓதுங்கள். அதற்காக வாகனம் காத்திருக்க வேண்டியதில்லை.

மாரடைப்புக்குச் சொல்லிக் கொடுக்கப்பட்டது என்று ஆஸ்பிரின் மாத்திரையைக் கொடுப்பதும் தவறு. கசிவாக இருந்தால் அது நிலைமையை மோசமாக்கும். புறா இரத்தத்தைத் தேய்ப்பது போன்ற வழக்கங்கள் நேரத்தை விழுங்குவதோடு, ஓடும் இரத்தம் நஜீஸ் என்னும் நம் மார்க்கச் சட்டத்துக்கும் முரணானவை.

மருத்துவமனையில் முதலில் கேட்கப்படும் கேள்வி, நோயாளி கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்பதே. நான்கரை மணி நேரக் கணக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது. நம் நாளோ தொழுகை நேரங்களால் அளக்கப்படுவது. இஷாவுக்குப் பள்ளிக்கு நடந்தே வந்தார், தஹஜ்ஜுதுக்கு எழுந்து பேசினார், சுப்ஹு பாங்கின்போது கை தளர்ந்திருந்தது என்று சொல்ல முடிந்தால் மருத்துவருக்கு அதைவிட உதவியான செய்தி இல்லை. அவர் உண்ணும் மாத்திரைகளையும், குறிப்பாக இரத்தம் உறையாமல் இருக்க உண்ணும் மாத்திரை உண்டா என்பதையும், கையோடு கொண்டுபோக வேண்டும். சர்க்கரை நோயாளி நோன்பு வைத்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும். சர்க்கரை மிகவும் தாழ்ந்தாலும் பக்கவாதம் போன்ற தோற்றம் வரும்.

தலையில் அடிபட்டவர்களின் நிலையும் இத்தகையதே. இரு சக்கர வாகனத்திலிருந்து விழுந்த இளைஞன் எழுந்து உட்கார்ந்து நன்றாகப் பேசுகிறான். எல்லோரும் அல்ஹம்துலில்லாஹ் என்கிறோம். ஆனால் மண்டையோட்டுக்கு அடியில் இரத்தம் மெல்லச் சேரும் சில காயங்களில், இடையே இப்படியொரு தெளிவான நேரம் இருப்பது மருத்துவ நூல்கள் எல்லாம் எச்சரிக்கும் ஒன்று. சிறிது நேரத்துக்கெல்லாம் வாந்தி, மயக்கம், தூக்கம் போன்ற சோர்வு வரும். தூங்கட்டும் என்று விட்டுவிட்டால் அவன் எழாமல் போகக்கூடும். முதியவர்களிடம் இதன் வேறொரு வடிவத்தைக் காண்கிறோம். குளியலறையில் இலேசாக வழுக்கி விழுந்ததை எல்லோரும் மறந்திருப்பார்கள். சில வாரங்கள் கழித்து அவர் குழம்பிப் பேசுவார், நடை தள்ளாடும். வயதின் மறதி என்று ஒதுக்கிவிடுகிறோம். மூளைக்கு மேலே தேங்கிய இரத்தம் அது என்பதை ஸ்கேன் காட்டும். உரிய நேரத்தில் அறுவை செய்தால் பெரும்பாலோர் பழைய நிலைக்குத் திரும்புகிறார்கள். முதுமையைத் தவிர எல்லா நோய்க்கும் மருந்து உண்டு என்பது நபிமொழியின் கருத்து. எது முதுமை, எது நோய் என்பதை வீட்டுத் திண்ணையில் நாமே தீர்மானிக்கலாமா?

நுரையீரல் விஷயத்தில் மறுபக்கம்

மூளை விஷயத்தில் தயங்கும் நாமே நுரையீரல் விஷயத்தில் விரைகிறோம். கொரோனாவின் இரண்டாம் அலை நினைவிருக்கும். 2021இல் ஸ்கேன் மையங்களின் வாசலில் வரிசை நின்றது. ஒருவரையொருவர் நலம் விசாரிப்பதற்குப் பதிலாக, 25க்கு ஸ்கோர் எத்தனை என்று விசாரித்தோம். அந்த ஆண்டு மே மாதம், அப்போது தில்லி எய்ம்ஸ் இயக்குநராக இருந்த டாக்டர் ரந்தீப் குலேரியா, இலேசான தொற்று உள்ளவர்கள் சி.டி. எடுப்பதால் பயனில்லை என்று வெளிப்படையாக எச்சரிக்க வேண்டியிருந்தது. அலை ஓய்ந்தது, பழக்கம் முழுமையாக ஓயவில்லை. இருமல் இரண்டு வாரம் நீடித்தால், டாக்டர் கேட்காமலே ஸ்கேன் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

இதில் தீங்கு என்ன? மார்பு எக்ஸ்ரே ஒன்றின் கதிரளவு சுமார் 0.1 மில்லிசீவர்ட். சாதாரண மார்பு சி.டி. ஸ்கேனுக்கு ஏறத்தாழ 6 முதல் 7. அதாவது அறுபது, எழுபது எக்ஸ்ரேக்களுக்கு நிகர். தலை ஸ்கேனுக்குச் சுமார் 2. நிலத்திலிருந்தும் வானத்திலிருந்தும் இயற்கையாகவே ஒரு மனிதர் ஆண்டுக்கு 2 முதல் 3 மில்லிசீவர்ட் வரை பெறுகிறார். எனவே தேவைப்படும் ஒரு ஸ்கேனைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அதன் நன்மை பன்மடங்கு பெரியது. தேவையற்ற ஸ்கேனில் நன்மையே இல்லாததால், சிறிய தீங்கும் வீணாக ஏற்ற தீங்காகிறது. வளரும் குழந்தைகளின் உடல் கதிருக்கு இன்னும் எளிதில் பாதிக்கப்படும் என்பதால், பிள்ளையின் ஒவ்வொரு தலைவலிக்கும் ஸ்கேன் கேட்கும் பெற்றோர் நிதானிக்க வேண்டும். பொருள் விரயம் வேறு. விரயம் செய்வதை நம் மார்க்கம் எவ்வளவு வெறுக்கிறது என்பதை நாம் அறிவோம்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் முதலில் செய்ய வேண்டியது சளிப் பரிசோதனை, அதனோடு எக்ஸ்ரே. காசநோயை உறுதி செய்வது சளியில் காணப்படும் கிருமியே. அரசு மருத்துவமனைகளில் காசநோய்க்கான பரிசோதனையும் மருந்தும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. விலையுயர்ந்த படத்தை எடுத்து வைத்துக்கொண்டு, சளியைக் கொடுக்கக் கூச்சப்படுவது முறையல்ல. காசநோய் என்றால் மகளின் சம்பந்தம் தடைபடுமே என்று மறைப்பவர்களும் நம்மில் உண்டு. மறைத்த வீட்டில் அந்த நோய் அடுத்த அறைக்கும் பரவுகிறது.

அதே வேளையில், நுரையீரலுக்கும் ஸ்கேன் இன்றியமையாத தருணங்கள் உள்ளன. அறுவைக்குப் பின்னரோ, எலும்பு முறிந்து நெடுநாள் படுத்திருந்த பின்னரோ, உம்ரா போன்ற நீண்ட விமானப் பயணத்துக்குப் பின்னரோ திடீரென மூச்சுத் திணறினால், காலில் உறைந்த இரத்தம் நுரையீரல் குழாயில் போய் அடைத்திருக்கலாம். எக்ஸ்ரேயில் இது பெரும்பாலும் தெரியாது. நரம்பு வழியே கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. ஸ்கேன்தான் அடைப்பைக் காட்டும். சளியில் இரத்தம் கண்டாலோ, எக்ஸ்ரேயில் ஐயத்துக்குரிய நிழல் தெரிந்தாலோ மருத்துவர் ஸ்கேன் எழுதுவார். அப்போது புற்றுநோய் என்று வந்துவிடுமோ என அஞ்சி நாட்களைத் தள்ளிப்போடக் கூடாது. படம் எடுப்பதால் நோய் வருவதில்லை; எடுக்காததால் போவதுமில்லை.

நெடுங்காலம் கடுமையாகப் புகைத்தவர்களைக் குறைந்த கதிர் ஸ்கேன் மூலம் ஆண்டுதோறும் பரிசோதித்ததில், எக்ஸ்ரே எடுத்தவர்களைவிட நுரையீரல் புற்றுநோய் மரணம் 20 விழுக்காடு குறைந்தது என்று 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. நம் நாட்டில் பழைய காசநோயின் தழும்புகள் பலரின் நுரையீரலில் இருப்பதால் இங்கே முடிவைப் படிப்பது கடினம். அதையும் மருத்துவரே தீர்மானிக்க வேண்டும். ஸ்கேனுக்குச் செலவழிக்க முன்வருபவர் பீடியையும் சிகரெட்டையும் அதே நாளில் விட்டுவிடுவதே அதனினும் பெரிய மருத்துவம்.

தவக்குலுக்கு முரணா?

இத்தனை கருவிகளை நம்புவது இறை நம்பிக்கைக்குக் குறைவாகாதா என்று சில பெரியவர்கள் கேட்கிறார்கள். கேள்வி நேர்மையானது, மதிப்போடு பதில் சொல்ல வேண்டும். ஷாம் தேசத்துக்குப் புறப்பட்ட உமர் (ரலி) அவர்கள் அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதைக் கேள்விப்பட்டு, ஆலோசனை செய்து திரும்பிச் செல்ல முடிவெடுத்தார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று அபூஉபைதா (ரலி) அவர்கள் வினவியபோது, அவனது ஒரு விதியிலிருந்து அவனது மற்றொரு விதிக்கே போகிறோம் என்ற கருத்தில் விடையளித்தார்கள். நோய் அவன் விதித்தது என்றால், அதைக் கண்டறியும் வழியும் அவன் விதித்ததே.

நுரையீரலின் இரகசியத்தை உலகுக்குத் திறந்தவர்களில் ஒருவர் நம் முன்னோர் என்பதையும் மறந்துவிடக் கூடாது. திமிஷ்கில் பிறந்து கெய்ரோவில் மருத்துவம் செய்த இப்னு நஃபீஸ், இதயத்தின் வலப்புறத்து இரத்தம் நுரையீரல் வழியாகவே இடப்புறத்தை அடைகிறது என்று 1242இல் எழுதி முடித்த நூலில் விளக்கினார். அவர் ஷாஃபி மத்ஹபின் சட்ட அறிஞரும் ஆவார். ஆய்வதும் தொழுவதும் ஒரே மனிதரிடம் முரணின்றி இருந்தன. அந்தப் பெருமையைப் பேசுவது எளிது. அவர் காட்டிய தேடலை நம் வீட்டு முடிவுகளில் கொண்டுவருவதே நம்மேல் உள்ள கடமை.

கூச்சமும் நோன்பும்

நம் தாய்மார்கள் ஸ்கேனைத் தள்ளிப்போடுவதற்கு வேறு காரணங்களும் உண்டு. தலை ஸ்கேனுக்குக் கூந்தல் ஊசி, காதணி, கழுத்துச் சங்கிலி போன்ற உலோகங்களைக் கழற்ற வேண்டியிருக்கும். அவை படத்தில் கீற்றுகளாக விழுந்து உண்மையை மறைக்கும். உலோகம் இல்லாத தளர்ந்த பருத்தித் துணியால் தலையை மூட அனுமதி கேட்கலாம். பெண் ஊழியர் இருக்கிறாரா என்று கேட்பதும் நம் உரிமை. இல்லையென்றால் மஹ்ரமான ஒருவர் அறைக்கு வெளியே கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருக்கலாம். நெருக்கடியில் மார்க்கமே சலுகை தந்திருக்கும்போது அதை மறுத்து உயிரைப் பணயம் வைப்பது பேணுதல் ஆகாது. கருவுற்றிருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவசியமான தலை ஸ்கேனை அதற்காக மருத்துவர் கைவிடமாட்டார்.

நோன்பு முறிந்துவிடுமோ என்ற கவலையும் பலருக்கு உண்டு. மருந்து செலுத்தாத ஸ்கேனில் உடலுக்குள் எதுவுமே நுழைவதில்லை. ஊட்டச்சத்து அல்லாத சிகிச்சை ஊசிகள் நோன்பை முறிக்காது என்று 1997இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி முடிவு கூறியுள்ளது. தனிப்பட்ட நிலைக்கு உள்ளூர் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளலாம். கான்ட்ராஸ்ட் செலுத்துவதற்கு முன் சிறுநீரகக் குறைபாடு, ஒவ்வாமை, சர்க்கரை மாத்திரை ஆகியவற்றை மருத்துவரிடம் தெரிவிப்பது அவசியம். அவசர நோயாளிக்கோ நோன்பை விட்டுப் பின்னர் நிறைவேற்றும் சலுகை இருக்கவே இருக்கிறது.

மஹல்லா செய்யக்கூடியது

தனிக் குடும்பம் அதிகாலையில் பதற்றத்தில் நல்ல முடிவு எடுக்கும் என்று எதிர்பார்ப்பது கடினம். முடிவு முன்பே எடுக்கப்பட்டிருக்க வேண்டும். பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் தொழுகை நேரங்களுக்குக் கீழே மூன்று செய்திகள் இருந்தால் போதும்: இரவு பகல் எந்நேரமும் சி.டி. ஸ்கேனும் பக்கவாதச் சிகிச்சையும் உள்ள அருகிலுள்ள மருத்துவமனை எது. அங்கே போக எவ்வளவு நேரம் ஆகும். 108ஐயும் ஜமாஅத்தின் ஆம்புலன்ஸையும் அழைக்கும் எண்கள். ஜும்ஆவுக்குப் பின்னர் ஐந்து நிமிடம் ஒரு மருத்துவர் பேசலாம். பைத்துல் மாலில் அவசர ஸ்கேனுக்கென ஒரு சிறு தொகையை ஒதுக்கி வைக்கலாம். பணம் திரட்டுவதற்காக உறவினர்களுக்குப் போன் செய்துகொண்டிருக்கும் அரைமணி நேரம், ஒரு மனிதரின் பேச்சையும் நடையையும் விலையாகக் கேட்கும். தேவைக்கு மீறிய ஸ்கேனைப் பற்றியும் அதே மருத்துவர் அதே மேடையில் சொல்லட்டும். எதற்கு எடுக்கிறோம், இதன் முடிவு சிகிச்சையை மாற்றுமா என்ற இரண்டு கேள்விகளைக் கேட்க மக்கள் பழகினால் போதும்.

நம் ஊர்களில் ஜனாஸா வந்தால் எவரும் அழைக்காமலே கூடுகிறோம். குழி தோண்டுவதற்கும் சந்தூக் சுமப்பதற்கும் கைகள் போட்டியிடுகின்றன. அந்த ஒற்றுமையில் ஒரு பங்கை, மௌத்துக்கு முந்திய அந்த நான்கரை மணி நேரத்துக்கும் கொடுக்க வேண்டும் என்பதே நாம் வேண்டுவது. தலையில் காயம்பட்ட அந்தத் தோழர் தம்மைச் சுற்றி இருந்தவர்களை நம்பித்தான் கேட்டார். நம் வீட்டு முதியவர்களும் குழறிய சொல்லால் நம்மைத்தான் கேட்கிறார்கள். தெரியாத பதிலைச் சொல்லாமல், தெரிந்தவரிடம் அவர்களை விரைந்து கொண்டுசேர்க்கும் தவ்ஃபீக்கை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக. நோயுற்றோர் அனைவருக்கும் முழுமையான ஷிஃபாவைத் தந்தருள்வானாக. ஆமீன்.